டாப் பார் தேனீப் பெட்டி: மேல்கட்டைகளை ஒரே அகலத்தில் அறுப்பது எப்படி?

கடையம்_தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தில் நியூட்டன் பெட்டிகள், அதாவது நாற்புறச் சட்டங்களில் தேனீ அடை கட்டும் அடுக்குப் பெட்டிகள், இரண்டு இருக்கின்றன. இந்த ஆண்டு, சட்டம் இல்லாமல் மேல்கட்டைகளில் மட்டும் அடை தொங்கும் டாப் பார் பெட்டி ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஆசை. வெளிநாட்டு வரைபடம் ஒன்று கிடைத்தது. மேல்கட்டை 35 மி.மீ. அகலம், 48 செ.மீ. நீளம், பக்கப் பலகைக்கு 30 பாகை சாய்வு, அடியில் கம்பி வலை. மரத்துக்குக் குறைவில்லை. வேலியோரம் நின்ற வாகை ஆடிக் காற்றில் விழுந்துவிட்டது, அதை அறுத்துப் பலகையாக அடுக்கியிருக்கிறோம். கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், டிரில், ஜிக்சா, அப்பா காலத்து இழைப்புளி, நான்கு அங்குல கிரைண்டர் ஆகியவை இருக்கின்றன.

பெட்டியின் உடலைச் செய்துவிடலாம் என்று நம்புகிறேன். மேல்கட்டைகள் இருபத்தைந்தை ஒரே அகலத்தில் எப்படி அறுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. கிரைண்டரில் பல் தகடு மாட்டி அறுக்கலாம் என்கிறார் ஊர் நண்பர். வட்ட ரம்பத்தைப் பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி மேசை ரம்பமாக மாற்றலாம் என்பது என் யோசனை. எது சரி?


பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் கிரைண்டரைப் பரணில் ஏற்றிவிடுங்கள். அதில் மரம் அறுக்கும் பல் தகடு மாட்டுவது எங்கள் தொழிலிலும் சிலர் செய்கிற காரியம்தான். அவர்களில் பலருடைய விரல்களைப் பார்த்தால் நீங்கள் செய்யமாட்டீர்கள். கிரைண்டரின் வேகம் அந்தத் தகட்டுக்கு ஆகாது. பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை விட்டுத் துள்ளும், அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைகீழ் வட்ட ரம்பமும் எனக்கு உடன்பாடில்லை. தகட்டுக்குப் பின்னால், அறுத்த மரம் தகட்டைக் கவ்வாமல் தடுக்கும் பிளவுக் கத்தி இருக்காது, மூடி இருக்காது, விசையை அழுத்திக் கட்டிவைக்க வேண்டிவரும். கை நழுவினால் நிறுத்துவதற்கு மேசைக்கு அடியில் குனிய வேண்டும். 35 மி.மீ. அகலக் கட்டை என்பது மிகச் சிறிய துண்டு. சிறிய துண்டை அறுக்கும்போதுதான் கை தகட்டுக்கு அருகே போகும்.

அடுத்தது வாகை. ஆடியில் விழுந்த மரம் இன்னும் பச்சைதான். அதை இன்று 35 மி.மீ. என்று அறுத்தால் காய்ந்து முடிவதற்குள் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும், கோணலும் விழும். நீளவாக்கில் சுருக்கம் இருப்பதாகவே தெரியாது, அகலத்தில்தான் வம்பு. நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். பக்கப் பலகைக்கு அப்போது உதவும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும் என்பதையும் மறக்காதீர்கள், முகத்துணி இல்லாமல் இழைக்காதீர்கள்.


முளகுமூடு_தேன் எழுதியது:

மரத்தைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார், நான் தேனீயைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வரைபடம் இத்தாலியத் தேனீக்கு வரைந்தது. 35 மி.மீ. அதற்குப் பொருந்தும். டாப் பார் பெட்டி பரவலானது கென்யாவிலிருந்து. 1970களின் தொடக்கத்தில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் கென்யாவில் நடத்திய திட்டத்தில் உருவான வடிவம் அது. அங்குள்ள ஆப்பிரிக்கத் தேனீக்கு அவர்கள் வைத்த அகலம் 32 மி.மீ. நம் இந்தியத் தேனீ அதைவிடச் சிறியது, 30 மி.மீ. போதும். 35 வைத்தால் மூன்றாவது நான்காவது அடையிலேயே தேனீ கட்டையின் நடுக்கோட்டை விட்டு விலகும். பிறகு ஒரே அடை இரண்டு கட்டைகளில் குறுக்கே ஓடும். கட்டையைத் தூக்கினால் அடை கிழியும், தேன் ஒழுகும், எறும்பு வரும், கூட்டம் கூட்டை விட்டு ஓடும்.

30 என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். உங்கள் ஊரில் சுவர்ப் பொந்திலோ மரப் பொந்திலோ இயற்கையாகக் கட்டிய கூட்டைப் பார்க்கும் வாய்ப்பு வந்தால், புழு வளர்க்கும் பகுதியில் ஒரு அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவரை அளங்கள். நான்கைந்து அடைகளைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை குறையும். இந்தியத் தேனீயிலேயே மலைப் பகுதியில் இருப்பது சற்றுப் பெரியது, சமவெளியில் இருப்பது சிறியது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி. நியூட்டன் பெட்டி கையில் இருக்கும்போது இது எதற்கு? அருட்தந்தை நியூட்டன் நம் தேனீயின் அளவைப் பார்த்து நூறாண்டுக்கு முன்பே செய்து கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. எங்கள் பக்கம் ரப்பர் தளிர்விடும் பிப்ரவரி, மார்ச்சில் இலைக்காம்பில் சுரக்கும் தேனை எடுக்கச் சட்டத்தைச் சுழற்றியில் வைத்துச் சுற்றி, அதே அடையைத் திரும்பக் கொடுக்கிறோம். டாப் பாரில் ஒவ்வொரு முறையும் அடையை அறுத்துப் பிழிய வேண்டும். அதைத் தேனீ மறுபடி கட்ட வேண்டும். அத்தனை மெழுகும் தேனிலிருந்து வருவதுதானே!


கடையம்_தோட்டம் எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணாச்சி. விற்பனைக்குத் தேன் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நியூட்டன் சட்டம் ஒன்றுக்கு நான்கு துண்டுகள், அவற்றுக்குப் பொருத்துகள், ஆணி, கம்பி என்று வேலை நீள்கிறது. இங்கே ஒரு சட்டத்துக்கு ஒரு குச்சி. அப்பாவால் குனிந்து அடுக்குப் பெட்டியைத் தூக்க முடிவதில்லை. இடுப்பளவு உயரத்தில் நின்றபடி ஒவ்வொரு கட்டையாகப் பார்க்கும் பெட்டி அவருக்கு வசதி.


முளகுமூடு_தேன் எழுதியது:

இடுப்பு வலிக்கு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். லாபக் கணக்குக்கு என்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.


மிசிசாகா_தேன்கூடு எழுதியது:

வணக்கம். நான் கனடாவில் இத்தாலியத் தேனீயை டாப் பாரில் வைத்திருக்கிறேன், அதனால் அளவுகளில் உங்களுக்கு உதவமாட்டேன். மர வேலையில் ஒரு வழி சொல்லலாம். என்னிடம் மேசை வாள் இருக்கிறது. இருந்தும் கட்டையின் அகலத்தை வாளால் தீர்மானிப்பதில்லை.

கட்டைக்கு மூன்று அளவுகள்: நீளம், கனம், அகலம். நீளம் இரண்டு மி.மீ. கூடினால் குறைந்தால் ஒன்றும் ஆகாது. கனமும் அப்படியே. அகலம் மட்டும் தவறக் கூடாது. எனவே அகலத்தை அளவுக்கு இழைக்கும் இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். பலகையின் கனத்தையே 30 மி.மீ. ஆக இழைத்துக்கொண்டால், அந்தப் பலகையின் விளிம்பிலிருந்து 25 மி.மீ. பட்டையாக அறுக்க அறுக்க, ஒவ்வொரு பட்டையின் அகலமும் தானாகவே 30 ஆக இருக்கும். வாள் கொஞ்சம் தடுமாறினால் பட்டையின் கனம்தான் மாறும், அது தேனீயைப் பாதிக்காது.

அடைக்கு வழிகாட்டும் முகட்டையும் பட்டையாக அறுப்பதற்கு முன்பே எடுத்துவிடுவேன். பலகையின் விளிம்புதான் பின்னால் கட்டையின் அடிப்பக்கம் ஆகப்போகிறது. பெரிய பலகை கையில் இருக்கும்போதே அந்த விளிம்பின் இரு பக்கத்தையும் சாய்வாக எடுத்தால் நடுவில் முகடு நிற்கும். பிறகு அதைப் பட்டையாக அறுத்தெடுக்கலாம். சிறு கட்டையை வாளின் அருகே பிடித்துச் சாய்வு எடுக்கும் ஆபத்து இல்லை. நாலு பலகை இருந்தால் நாலுக்கும் இரண்டு விளிம்பிலும் முகடு எடுத்துவிட்டுத் தகட்டை நேராக்கி எட்டுப் பட்டைகளை அறுப்பேன். மறுபடி தகட்டைச் சாய்ப்பேன். இல்லாவிட்டால் தகட்டைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாகவே பொழுது போய்விடும். கடைசிப் பட்டைகளுக்குக் கை போகக் கூடாது. தள்ளுகட்டை கட்டாயம்.


பட்டறைக்காரர் எழுதியது:

கனடாத் தம்பி சொன்ன வழி அருமை. இதற்குச் சொந்தமாக இயந்திரம் வேண்டியதில்லை. கடையத்திலோ அம்பாசமுத்திரத்திலோ கதவு, நிலை செய்யும் பட்டறைகளில் அளவுக்கு இழைக்கும் இயந்திரம் இருக்கும். பலகையைக் கொடுத்து, ‘30 மில்லிக்கு இழைத்துக் கொடுங்கள்’ என்றால் சிறு கூலிக்குச் செய்து தருவார்கள். கேட்கும்போது அங்குலத்தில் கேட்காதீர்கள். ஒன்றேகால் அங்குலப் பலகை என்று கடையில் வாங்கினால் கணக்குப்படி 31.75 மி.மீ. இருக்க வேண்டும், ஆனால் அறுப்பில் அங்கங்கே மெலிந்திருக்கும், இருபுறமும் இழைத்து 30 தேறுவது சந்தேகம். ஒன்றரை அங்குலமாக வாங்குங்கள். 8 மி.மீ. சீவலாகப் போகும், போகட்டும்.

எட்டு அங்குல அகலமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு பலகை போதும். வரைபடத்தின் 48 செ.மீ. நீளத்தை 40 ஆகக் குறைத்துக்கொண்டால் துண்டுகள் நான்கு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 25 மி.மீ. பட்டை, 3 மி.மீ. அறுப்புச் சேதாரம் என்று பார்த்தால் ஏழு கட்டைகள். மொத்தம் 28. கணு விழுந்ததைக் கழித்தாலும் 25 தேறும்.

எந்த மரம் என்று கேட்டால், பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்கு நிலைக்கட்டை கிடைக்குமா பாருங்கள். பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி அசையாது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்துக்குக் கொடுங்கள், ஆணி பட்டுக் கத்தி போனால் அந்தப் பட்டறைக்குள் நீங்கள் மறுபடி நுழைய முடியாது. ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். அது மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடிக்கும், மருந்து ஏற்றினால் தேனீக்கு அருகே வைக்க மனம் வராது. வெளிப்புறத்துக்கும் வேண்டாம் என்பது என் கருத்து. மலைவேம்பு பரவாயில்லை, எடை குறைவு, காய்ந்ததாக மட்டும் பாருங்கள்.


பந்தலூர்_டீச்சர் எழுதியது:

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் பள்ளியின் சூழல் மன்றப் பிள்ளைகளோடு இதே பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் கையில் எந்த மின் ரம்பத்தையும் கொடுக்கமாட்டேன் என்பது என் விதி. ஆகவே எல்லாம் கை வேலை. தேயிலைத் தோட்ட நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது.

மரக்கடையில் ஓட்டுக் கூரைக்கு விற்கும் ரீப்பர் கட்டைகளை வாங்கினோம். அகலம் 30க்கும் 35க்கும் இடையில் மனம்போன போக்கில் இருந்தது. அதை ஒரே அளவாக்க எங்களுக்கு உதவியது ஒரு தொட்டி. தட்டையான பலகையின் மேல் சரியாக 30 மி.மீ. உயரமுள்ள இரண்டு கடினமான பட்டைகளை இணையாகத் திருகி, நடுவில் ஒரு கட்டை விளிம்பில் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம். முன்பக்கம் தள்ளாமல் இருக்க ஒரு முட்டு. கட்டையை அதற்குள் நிறுத்தி மேலே இழைப்புளியை ஓட்டினால், கட்டை பட்டைகளின் மட்டத்துக்கு வந்ததும் இழைப்புளியின் அடிப்பாகம் இருபுறப் பட்டைகளில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் சீவாது. பிள்ளைகள் எத்தனை வேகமாக ஓட்டினாலும் அகலம் 30க்குக் கீழே போவதில்லை.

ஆனால் முகடு எடுப்பதில்தான் தடுமாற்றம். இருபுறமும் சமமாகச் சாய்வு விழுவதில்லை, முகடு நடுவிலிருந்து விலகுகிறது. பட்டறைக்காரர் ஐயா வழி சொல்ல வேண்டும்.


பட்டறைக்காரர் எழுதியது:

டீச்சரம்மா, அந்தத் தொட்டி நல்ல யோசனை. இழைப்புளியின் கத்தி மட்டும் அந்தப் பட்டைகளில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உள் அகலம் கத்தியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்து, அடிப்பாகத்தின் இரு ஓரங்கள் மட்டும் பட்டைகளில் ஏறினால் பட்டை தேயாது. கட்டை ஆடாமலிருக்கப் பக்கத்தில் ஓர் ஆப்பு செருகுங்கள்.

கை வேலையில் முகட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து அதில் மூங்கில் சிம்பு ஒட்டுவது சுலபம். அடிப்பக்கத்தின் நடுவில் ஒரே ரம்ப அறுப்பு, 5 மி.மீ. ஆழம். ரம்பத்தின் பல்நுனியிலிருந்து மேல்நோக்கி அளந்து, 5 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி ரம்பத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், ஆழம் அதற்கு மேல் போகாது. நடுக்கோட்டில் போக, கட்டையின் பக்கத்தோடு உரசிச் செல்லும்படி இன்னொரு துண்டை ரம்பத்தின் மறுபக்கம் கட்டினால் அதுவே வழிகாட்டி. காடியில் மூங்கில் சிம்பை ஒட்டி 6 மி.மீ. வெளியே நிற்க விடுங்கள். ஃபெவிகால் போதும், அதிகமாக வழியவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முகடோ சிம்போ, கட்டையின் இரு நுனிகளிலும் இருக்கக் கூடாது. பெட்டியின் பக்கப் பலகை மேல் உட்காரும் நுனி தட்டையாக இருந்தால்தான் கட்டை ஆடாது. இயந்திரத்தில் நீளம் முழுக்க முகடு எடுத்தவர்கள், நுனியிலிருந்து பக்கப் பலகையின் கனத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, உளியால் தட்டினால் முகடு மட்டும் பிளந்து வரும்.


முளகுமூடு_தேன் எழுதியது:

மூங்கில் சிம்பின் விளிம்பில் மெழுகு தேயுங்கள். உருக்கி ஊற்ற வேண்டாம். காடி முழுக்க மெழுகை ஊற்றி நிரப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கடையம் வெயிலில் அது இளகிவிடும், தேன் நிறைந்த அடை அதோடு சேர்ந்து விழும். மரத்தின் நாரைப் பிடித்துத்தான் அடை தொங்க வேண்டும். சொந்தப் பெட்டியில் கழித்த பழைய அடை மெழுகாக இருந்தால் வாசனையே தேனீயைக் கூப்பிடும்.

இனி அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு யாரும் சொல்லாத காரணம் ஒன்று. இத்தாலியத் தேனீ மரப்பிசின் சேகரித்து வந்து இண்டு இடுக்கை எல்லாம் அடைத்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் ‘கட்டைகளுக்கு இடையே சிறு இடைவெளி இருந்தால் தேனீ பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதுவது அதனால்தான். நம் இந்தியத் தேனீ பெரும்பாலும் பிசின் சேர்ப்பதில்லை. நீங்கள் விட்ட இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட அது போதும், கட்டெறும்புக்கும் போதும். ஆகவே கட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக உட்கார வேண்டும்.


பட்டறைக்காரர் எழுதியது:

இதைக் கேட்ட பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாக் கட்டையும் 30.2 ஆக இருந்தால் அது சின்னக் குறை. ஒரே கட்டை ஒரு முனையில் 30, மறுமுனையில் 31 என்று இருந்தால் அது பெரிய குறை. அப்படிப்பட்ட பத்துக் கட்டைகளைச் சேர்த்தால் வரிசை விசிறியாக விரியும், ஒரு பக்கம் இடுக்கிவிட்டு மறுபக்கம் வாயைத் திறக்கும். சோதிப்பது எளிது. பத்துக் கட்டைகளை மேசையில் நெருக்கி அடுக்கி இரு முனைகளிலும் அளங்கள். இரண்டும் 300க்கு அருகில் இருந்து தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். கட்டைகளைத் தலைமாற்றி அடுக்கி விசிறியை மறைக்கலாம். பெட்டியைப் பிரித்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒழுங்கை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.


கடையம்_தோட்டம் எழுதியது:

அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய தேக்கு நிலை கிடைத்தது. காந்தம் வைத்ததில் ஆணிகள் சிக்கின, பிடுங்கிவிட்டோம். அளவுக்கு இழைத்து, அவர்களுடைய மேசை ரம்பத்திலேயே 25 மி.மீ. பட்டையாகவும் அறுத்துத் தந்துவிட்டார்கள். முகடு எடுக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டதால் காடியும் மூங்கிலும்தான். பத்துக் கட்டை அடுக்கினால் ஒரு முனையில் 301, மறுமுனையில் 301.5. இது போதுமா?

இப்போது உடல். 30 பாகைச் சாய்வை எப்படித் துல்லியமாக எடுப்பது? கோணமானி வைத்துக் கோடு போட்டால் இரண்டு முனைப் பலகைகளும் ஒத்துவரவில்லை.


பட்டறைக்காரர் எழுதியது:

தாராளமாகப் போதும்.

கோணமானியைத் தொடாதீர்கள். அடி அகலம், மேல் அகலம், உயரம் மூன்றையும் வைத்து நடுக்கோட்டிலிருந்து அளந்து வரையுங்கள். உயரம் 20 செ.மீ. என்றால் 30 பாகைச் சாய்வில் ஒவ்வொரு பக்கமும் 11.5 செ.மீ. உள்ளே வரும். மேலே 36 என்றால் கீழே 13. அட்டையில் ஒரு முறை வரைந்து வெட்டுங்கள், அதை நடுக்கோட்டில் மடித்தால் இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். முனைப் பலகை இரண்டு, நகர்த்தும் தடுப்புப் பலகை ஒன்று. மூன்றையும் ஒன்றாக அடுக்கி இரண்டு திருகால் பிணைத்து ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் இழையுங்கள். அப்புறம் அவை ஒத்துவராமல் போக வழியில்லை. தடுப்புப் பலகையை மட்டும் பிறகு ஓரங்களில் ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் உள்ளே தாராளமாக நகரும்.

பொருத்தும்போது பெட்டியைத் தலைகீழாகக் கட்டுங்கள். தட்டையான மேசையில் மேல்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் முனைப் பலகைகளைக் கவிழ்த்து நிறுத்தி, பக்கப் பலகையைச் சாய்த்துத் திருகுங்கள். மேசை தட்டையாக இருந்தால் பெட்டியின் வாயும் தட்டையாக வரும். திருகுக்கு முன்னால் துளை போட மறந்தால் முனைப் பலகை பிளக்கும்.

பக்கப் பலகை சாய்ந்து நிற்பதால் அதன் மேல்விளிம்பு கூராக நிற்கும், கட்டை அதன்மேல் ஒரு கோட்டில்தான் உட்காரும். பொருத்திய பிறகு நீள இழைப்புளியால் இரு விளிம்புகளையும் மட்டமாகச் சீவிவிடுங்கள். குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் எங்கே ஒளி தெரிகிறது என்று புரியும்.


மிசிசாகா_தேன்கூடு எழுதியது:

இந்தச் சாய்வு அவசியமா என்று யாரும் கேட்கவில்லையே. தான்சானியாவில் நேர்ச்சுவர் டாப் பார் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாலு நேர்ப் பலகை, வேலை பாதியாகக் குறையும். சாய்வாக இருந்தால் தேனீ அடையைச் சுவரில் ஒட்டாது என்கிறார்கள். என் சாய்வுப் பெட்டியில் தேன் அடைகளை ஒட்டத்தான் செய்கிறது.


முளகுமூடு_தேன் எழுதியது:

உண்மைதான். சாய்வு ஒட்டுவதைக் குறைக்கலாம், தடுத்துவிடாது. எப்படியும் நீளக் கத்தியைக் கீழிருந்து மேலாக ஓட்டி விடுவித்துத்தான் தூக்க வேண்டும். மேலிருந்து கீழே வெட்டினால் அடையின் எடையோடு கத்தியின் அழுத்தமும் சேர்ந்து அடை கழன்றுவிடும். நேர்ச்சுவர் பெட்டிக்கு இன்னொரு வசதி உண்டு. உள் அகலத்தை நியூட்டன் சட்டம் தொங்கும் அளவுக்கு வைத்தால், பழைய பெட்டியிலிருந்து புழு அடைச் சட்டங்களை அப்படியே இதில் தொங்கவிட்டுத் தேனீக் குடியைத் தொடங்கலாம். சாய்வுப் பெட்டியில் நீள்சதுரச் சட்டம் எங்கே நுழையும்? கடையம் தம்பிக்கு இரண்டு நியூட்டன் குடிகள் இருப்பதால் நான் நேர்ச்சுவரைத்தான் சொல்வேன்.


பட்டறைக்காரர் எழுதியது:

அடையின் இயற்கை வடிவம் கீழே குறுகியது. நேர்ச்சுவரில் கீழ் மூலைகள் வீணாகத்தானே கிடக்கும்? அங்கே பூச்சி சேராதா?


முளகுமூடு_தேன் எழுதியது:

பூச்சி சேர்வது மூலையால் அல்ல, குப்பையால். நம் தேனீ பழைய கறுத்த அடையைக் கடித்துக் கீழே தள்ளும். அந்தத் தூளில்தான் அந்துப்புழு வளரும். ஆகவே அடிப்பலகையைக் கழற்றித் துடைக்கும்படி செய்யுங்கள், நிரந்தரமாக ஆணி அடிக்காதீர்கள். வரைபடத்தில் உள்ள கம்பி வலை வேண்டாம். அது வர்ரோவா உண்ணி கீழே விழுவதற்காக வெளிநாட்டில் வைப்பது. அந்த உண்ணிக்கு ஆதி வீடே நம் ஆசியத் தேனீதான். உடம்பைத் துடைத்து அதைத் தள்ளிவிடப் பழகிய இனம் இது.

எங்களை அழித்தது உண்ணி இல்லை, 1991–92இல் வந்த, தேனீயின் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். அதனால்தான் யார் கொடுத்தாலும் பழைய பெட்டியை நான் வாங்குவதில்லை. தம்பி புது மரத்தில் செய்வதை அந்த ஒரு காரணத்துக்காகவே வரவேற்கிறேன்.


பந்தலூர்_டீச்சர் எழுதியது:

பூச்சு என்ன அடிப்பது? பிள்ளைகள் வண்ணம் பூச வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். இங்கே மழை அதிகம்.


பட்டறைக்காரர் எழுதியது:

உள்ளே எதுவும் வேண்டாம், உப்புத்தாள்கூடத் தேவையில்லை. சொரசொரப்பாகவே விடுங்கள், தேனீக்குப் பிடிமானம். வெளியே ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிக் கலந்து தேய்க்கலாம். பிள்ளைகள் ஆசைக்கு வெளிப்புறம் மட்டும் வண்ணம் பூசட்டும், மணம் முழுக்கப் போன பிறகு தேனீயை விடுங்கள். தாங்கிக் கால்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினால் கரையான் அண்டாது, படகுக்குத் தடவுகிற அதே சரக்குதான். தோலில் பட்டால் கொப்புளம் போடும், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.


முளகுமூடு_தேன் எழுதியது:

காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. வாசல் சிறியதாக இருக்கட்டும், குளவி நுழையக் கூடாது. கூரையும் கட்டைகளும் ஒட்டக் கூடாது, இடையில் காற்றோட வேண்டும். மேலே தகரம் போட்டால் அதன்மேல் தென்னங்கீற்றுப் போடுங்கள்.

தேன் பகுதியில் தேனீ அடையைத் தடித்துக் கட்டும், அங்கே 30 மி.மீ. நெருக்கும். தடிப்புத் தெரிய ஆரம்பித்ததும் கட்டைகளுக்கு இடையே 3 முதல் 5 மி.மீ. மெல்லிய பட்டையைச் செருகுங்கள். இப்போதே பத்துப் பட்டை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேன் வரும் நேரத்தில் பட்டறைக்கு ஓட முடியாது.


கடையம்_தோட்டம் எழுதியது:

மிக்க நன்றி. கட்டைகளில் காடி எடுத்து முடித்துவிட்டேன், மூங்கில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி சொன்ன நேர்ச்சுவரா, வரைபடத்தின் சாய்வா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. நியூட்டன் சட்டத்தை மாற்றி வைக்கலாம் என்றதும் அப்பா நேர்ச்சுவர்க் கட்சிக்குப் போய்விட்டார். அப்படியானால் 40 செ.மீ. கட்டையை நியூட்டன் சட்டத்தின் நீளத்துக்குக் குறைக்க வேண்டுமே. மூங்கில் ஒட்டிய பிறகு நுனியை வெட்டினால் சிம்பு பிளக்காதா?


பட்டறைக்காரர் எழுதியது:

பிசின் முழுக்கக் காயும்வரை, ஒரு நாள், பொறுங்கள். சிம்பு மேல்நோக்கி இருக்கும்படி கட்டையைப் பிடித்து, சிறுபல் ரம்பத்தால் சிம்பிலிருந்து தொடங்கி வெட்டுங்கள். அறுப்புக் கோட்டில் ஒட்டுநாடா ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் மூங்கில் நார் பிய்ந்து வராது. இரு நுனியிலும் சமமாகக் குறையுங்கள், பிறகு பக்கப் பலகையில் உட்காரும் இடத்துச் சிம்பை உளியால் எடுங்கள். வெட்டிய துண்டுகளை எறியாதீர்கள், அண்ணாச்சி சொன்னபடி கூரை கட்டைகளில் ஒட்டாமல் இருக்க முட்டுக் கொடுக்க அவை உதவும்.


முளகுமூடு_தேன் எழுதியது:

வெட்டுவதற்கு முன்னால் உங்கள் நியூட்டன் பெட்டியைத் திறந்து, சட்டத்தின் மேல்கட்டை நீளத்தை நேரில் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஊர்த் தச்சரும் சில மில்லிமீட்டர் மாற்றித்தான் செய்கிறார். குடியை மாற்றுவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பூ வரத் தொடங்கிய பிறகு.